கணினிவழி இசை: காசு எங்கே, கவனம் எங்கே

வீட்டில் இசை கேட்பதற்கென்றே ஒரு கணினியை ஒதுக்கிவைக்க நினைப்பவரை முதலில் மிரட்டுவது எண்கள்தான். 16 பிட்டா, 24 பிட்டா, 32 பிட்டா? 44.1 கிலோஹெர்ட்ஸ் போதுமா, 192 வேண்டுமா? யூஎஸ்பி கேபிளுக்கு இருநூறு ரூபாயா, இருபதாயிரமா? கடையில் ஒரு பதில், யூடியூபில் ஒரு பதில், நண்பரிடம் இன்னொரு பதில் கிடைக்கும். பதிவில் இருக்கும் பாட்டு நம் காதுக்கு வந்து சேரும் வழியில் எங்கே கெடுகிறது, எவ்வளவு கெடுகிறது, அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக்கொண்டே போனால் இந்தப் பதில்களில் எது நிற்கும், எது விழும் என்பது தெரிந்துவிடும்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கணினி, இயக்க மென்பொருள், எண்களை மின்னலையாக மாற்றும் டிஏசி ஆகிய நடுப்பகுதி ஏறக்குறையத் தீர்ந்துபோன கணக்கு. சில ஆயிரம் ரூபாய்க்குள் அது முடிந்துவிடும். தீராத வேலை இரண்டு முனைகளிலும் கிடக்கிறது. ஒரு முனையில், பாட்டின் எந்தப் பதிப்பு நம் கையில் இருக்கிறது என்ற கேள்வி. மறுமுனையில், ஸ்பீக்கரும் அது நிற்கும் அறையும். விளம்பரங்களோ நடுப்பகுதியைப் பற்றித்தான் ஓயாமல் பேசுகின்றன.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

சிடி 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். 44,100 என்ற விநோதமான எண்ணுக்கு வீடியோ டேப்தான் காரணம். அந்தக் காலத்தில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்கும் அளவுக்கு இடம் கொடுத்தது வீடியோ டேப் ஒன்றுதான். அமெரிக்க, ஜப்பானிய வீடியோ முறையில் வினாடிக்கு 60 புலங்கள், புலத்துக்குப் பயன்படும் 245 கோடுகள், கோட்டுக்கு 3 மாதிரிகள் என்று பெருக்கினால் 44,100 வருகிறது. ஐரோப்பிய முறையின் 50, 294, 3 ஆகியவற்றைப் பெருக்கினாலும் அதே எண்தான். இரண்டு முறைக்கும் பொருந்தியதால் அது நிலைத்தது.

ஆனால் அந்த எண் காதுக்கும் பொருந்தியது. மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற அந்த எல்லை இறங்கும். ஓர் ஒலியலையின் உச்ச அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் எடுத்தால் அந்த அலையை முழுமையாக மீட்டுவிடலாம் என்பதை 1928இல் நைக்விஸ்ட் எழுதியதிலிருந்து வளர்த்து, 1949இல் கிளாட் ஷானன் நிறுவினார். “தோராயமாக” மீட்கலாம் என்று அவர் சொல்லவில்லை. விளம்பரங்களில் சிடியின் அலையைப் படிக்கட்டு மாதிரி வரைந்து காட்டுவார்கள். டிஏசியிலிருந்து வெளியே வரும் அலையில் அந்தப் படிக்கட்டு கிடையாது. வடிப்பானைத் தாண்டியதும் அது வழவழப்பான அலையாகிவிடுகிறது.

பிட் எண்ணிக்கை, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதைச் சொல்கிறது. 16 பிட் என்றால் ஏறக்குறைய 96 டெசிபெல். மின்விசிறி ஓடும் ஓர் அறையின் அடிச்சத்தமே 40 டெசிபெல் இருக்கும். அதற்கு மேல் 96 என்றால் 136 டெசிபெல். காது வலிக்கத் தொடங்கும் எல்லையையும் அது தாண்டிவிடுகிறது. வீட்டில் கேட்பதற்கு 16 பிட் பற்றாது என்பவர் முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும்.

இதைக் காதை வைத்தே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மேயர், மோரன் என்ற இருவர் பாஸ்டனில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தர எஸ்ஏசிடி ஒலியை நேராகவும், அதையே சிடி தரத்துக்கு இறக்கியும், எது எதுவென்று சொல்லாமல் ஒலிக்கவிட்டார்கள். 554 முறை கேட்டதில் 276 முறைதான் சரியான விடை வந்தது. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் அதுதான் வரும். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2016இல் ஜோஷுவா ரீஸ் பதினெட்டு சோதனைகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது சரியான விடை 52.3 சதவீதம் என்று வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது இன்னும் கூடியது. ஆக, வித்தியாசம் அறவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும், பயிற்சி பெற்ற காது, அமைதியான ஆய்வறை, நல்ல கருவிகள் எல்லாம் கூடியும் பிடிபடாமல் நழுவும் அளவுக்குச் சிறியது அது. மாறாக, ஸ்பீக்கரை ஒரு அடி நகர்த்தினால் வரும் வித்தியாசத்தை வீட்டில் உள்ள குழந்தையும் கண்டுபிடித்துவிடும்.

24 பிட்டுக்கு வேறு பயன் உண்டு. பாடகர் எதிர்பாராமல் குரலை உயர்த்தினாலும் பதிவு சிதையாமல் இருக்க ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அது வேண்டும். வீட்டில், கணினியிலேயே ஒலியளவைக் குறைப்பவருக்கு அது வேண்டும். 16 பிட் பாட்டை 24 பிட் டிஏசிக்கு அனுப்பினால் எட்டு பிட் மிச்சம். 48 டெசிபெல் வரை ஒலியைக் குறைத்தாலும் பாட்டின் ஒரு துளிகூட இழக்கப்படாது. கணினியில் வால்யூமைத் தொடவே கூடாது என்ற பழைய எச்சரிக்கைக்கு இன்று அர்த்தமில்லை.

சுருக்கப்பட்ட கோப்புகளைப் பற்றி இரண்டு வார்த்தை. 320 கிலோபிட் எம்பி3யையோ 256 கிலோபிட் ஏஏசியையோ மூலத்திலிருந்து பிரித்தறிவது பெரும்பாலோருக்கு முடியாது. அப்படியிருந்தும் நான் ஃபிளாக்கையே வலியுறுத்துவேன். 2001இல் ஜோஷ் கோல்சன் வெளியிட்ட இந்த வடிவத்துக்கு உரிமத்தொகை கிடையாது. சிடியின் ஒவ்வொரு பிட்டையும் காப்பாற்றி, இடத்தை ஏறக்குறையப் பாதியாக்குகிறது. நாளை எந்த வடிவம் வந்தாலும் அதிலிருந்து இழப்பின்றி மாறிக்கொள்ளலாம். கோப்புக்குள்ளேயே ஒரு சரிபார்ப்பு எண் இருப்பதால், பத்து ஆண்டு கழித்து வட்டு பழுதாகி ஒரு பிட் மாறியிருந்தாலும் சோதித்து அறிய முடியும்.

கணினிக்குள்ளே

கணினி இசைக்கு ஆகாது என்ற பேச்சு பழைய காலத்தில் பிறந்தது. அன்று அதில் உண்மையும் இருந்தது. 1997இல் இன்டெல் வகுத்த ஏசி’97 முறையில் வந்த பல சிப்புகள் 48 கிலோஹெர்ட்ஸில் மட்டுமே ஓடின. 44.1இல் இருக்கும் சிடி ஒலியை அவை அரைகுறையாக மாற்றி ஒலித்தன. மதர்போர்டின் மின்னிரைச்சல் வேறு ஹெட்போனில் கரகரக்கும். மவுஸை நகர்த்தினால் அதுகூடக் கேட்கும். ஒலிக்கான சுற்றைக் கணினிப் பெட்டிக்கு வெளியே ஒரு யூஎஸ்பி டிஏசிக்குக் கொண்டுவந்ததும் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் ஓய்ந்தன.

மிச்சமிருப்பது மென்பொருளின் அமைப்புதான். விண்டோஸ் இயல்பாகவே எல்லாச் செயலிகளின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து, அமைப்பில் குறித்திருக்கும் ஒரே மாதிரியெடுப்பு வேகத்துக்கு மாற்றி அனுப்புகிறது. பாட்டோடு மின்னஞ்சல் மணியும் சேர்ந்து கேட்பது அதனால்தான். விஸ்டாவோடு வந்த வாசாபி முறையில் ‘எக்ஸ்க்ளூசிவ்’ வழியைத் தேர்ந்தெடுத்தால், பாட்டுச் செயலி இந்தக் கலவையைத் தவிர்த்து நேராக டிஏசியோடு பேசும். 2002 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஃபூபார்2000 என்ற பாட்டுச் செயலியில் இதைச் செய்ய ஒரு நிமிடம் போதும். மேக்கில் ‘ஆடியோ மிடி செட்அப்’ என்ற செயலியில் வேகத்தைப் பாட்டுக்கு ஏற்றபடி நாமே வைக்கலாம். லினக்ஸில் அல்சா வழியாக எம்பிடி என்ற பாட்டுச் சேவையகத்தை ஓடவிடுவது பல ஆண்டுகளாக நம்பகமான வழி.

வேக மாற்றத்தைப் பற்றிய பயம் இன்று தேவைக்கு மேல் பெரிதாக்கப்படுகிறது. இன்றைய மாற்றிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. உண்மையில் கெடுப்பவை, லேப்டாப் நிறுவனங்கள் முன்கூட்டியே ஏற்றி அனுப்பும் ‘மேம்பாடுகள்’: பேஸைத் தூக்குவது, போலியாகச் சுற்றொலி உண்டாக்குவது, மெல்லிய இடங்களை உரக்க ஒலிக்கவைப்பது. ஒலி அமைப்புக்குப் போய் அவை எல்லாவற்றையும் அணைப்பதுதான் முதல் வேலை. பிட் மாறாமல் போகிறதா என்று உறுதிசெய்ய ஓர் அழகான சோதனையும் உண்டு. டிடிஎஸ் முறையில் குறியாக்கிய ஒரு சிடி கோப்பை ஆப்டிகல் கேபிள் வழியாக ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு அனுப்ப வேண்டும். ஒரு பிட் மாறினாலும் வெறும் இரைச்சல்தான் வரும். மாறாவிட்டால் ரிசீவரில் டிடிஎஸ் விளக்கு எரிந்து பாட்டு ஒலிக்கும்.

கணினி எவ்வளவு வலுவானதாக இருக்க வேண்டும்? ஃபிளாக்கைப் பிரித்து ஒலிக்க மிகச் சொற்பமான வேலையே ஆகிறது. பத்து ஆண்டு பழைய லேப்டாப் தாராளம். 2012இல் வந்த ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினியில் வாலுமியோ, மூட் ஆகிய இலவச மென்பொருள்களை ஏற்றினால் விசிறிச் சத்தமே இல்லாத இசைப்பெட்டி தயார், கைபேசியே ரிமோட். செலவழிக்க நினைப்பவர் கணினியின் வேகத்துக்குக் கொடுப்பதைவிட அதன் அமைதிக்குக் கொடுக்கலாம். விசிறி இரையும் மேசைக் கணினிதான் இருக்கிறதென்றால் அதை அடுத்த அறையில் வைத்து, கேட்கும் அறைக்கு வலைக் கம்பி மட்டும் இழுத்தால் போதும்.

டிஏசி, கேபிள், எர்த்

கைபேசிக்காக விற்கும் ஆப்பிளின் சின்ன யூஎஸ்பி-சி ஹெட்போன் இணைப்பானுக்குள் ஒரு முழு டிஏசி இருக்கிறது. ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் அந்தத் துண்டு, அளவுக் கருவியில் வைத்துப் பார்த்தால் சிடியின் 96 டெசிபெல் எல்லையை எட்டிவிடுகிறது. ஐயாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் மேசை டிஏசிகள் அதையும் தாண்டுகின்றன. அதற்கு மேல் கொடுக்கும் காசு, வசதியான குமிழுக்கும், கூடுதல் இணைப்புகளுக்கும், அலுமினியப் பெட்டிக்கும் போகிறது. அவற்றை விரும்பி வாங்குவதில் தவறில்லை. ஒலி மாறும் என்று நம்பி வாங்கக் கூடாது.

மாதிரிகள் வரும் நேரத்தில் ஏற்படும் நடுக்கம், அதாவது ‘ஜிட்டர்’, இந்தத் துறையின் நிரந்தரப் பயமுறுத்தல். 1998இல் டால்பி ஆய்வாளர்கள் சோதித்தபோது, இசையில் அது கேட்கத் தொடங்குவதே 20 நானோவினாடி அளவில்தான் என்று கண்டார்கள். இன்றைய சாதாரண டிஏசியில்கூட அது ஒரு நானோவினாடிக்கும் கீழே. ‘அசிங்க்ரனஸ்’ யூஎஸ்பி முறையில் டிஏசியின் படிகக் கடிகாரமே தலைமை ஏற்று, கணினியிடம் வேண்டியபோது வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. கணினியின் கடிகாரம் எப்படி இருந்தாலும் கவலையில்லை. இருபதாயிரம் ரூபாய் யூஎஸ்பி கேபிளால் திருத்துவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை.

கேபிளைவிட எர்த்தைக் கவனிப்பது நல்லது. கணினிக்கு ஓர் எர்த், ஆம்ப்ளிஃபயருக்கு இன்னொரு எர்த், டிவிக்கு வரும் கேபிள் கம்பி வழியாக மூன்றாவது எர்த் என்று ஒரு வளையம் உண்டாகிவிட்டால் ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்ச் போர்டிலிருந்து எடுத்துப் பார்க்கலாம். தீராவிட்டால் கணினிக்கும் டிஏசிக்கும் இடையே ஆப்டிகல் கேபிளைப் போடலாம். ஒளி வழியாகப் போகும்போது மின்தொடர்பு அறுந்துவிடும். எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டால் உறுமல் நிற்கும் என்பது உண்மைதான். உயிருக்கே ஆபத்து என்பதால் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. கரகரவென்ற இரைச்சல் என்றால், மின்விசிறியின் பழைய எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். படிப்படியாகத் திருப்பும் கண்டென்சர் ரெகுலேட்டருக்கு மாறினால் சரியாகிவிடும். மின்வெட்டு நேரத்தில் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும் ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் ரீங்கரிக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்தச் சிக்கல் இல்லை.

அறை என்ற வாத்தியம்

நம்முடைய வீடுகள் வெயிலுக்கும் மழைக்கும் பூச்சிக்கும் ஏற்றபடி கட்டப்பட்டவை. செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, கான்கிரீட் தளம், தரையில் டைல்ஸ் அல்லது மொசைக். இசைக்கு இவை எல்லாமே எதிரானவை. மேலைநாட்டு மரச்சட்ட வீட்டில் பேஸின் ஒரு பகுதி மெல்லிய சுவர் வழியாக வெளியேறிவிடும். நம் சுவர்கள் அதை அப்படியே திருப்பி அனுப்புகின்றன. அதனால் வெளிநாட்டு நூல்கள் சொல்லும் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1890களில் ஹார்வர்டில் எதிரொலி மிகுந்த ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யப் போன வாலஸ் சாபின் கண்டுபிடித்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது: அறையின் கனஅளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சுதலால் வகுத்தால், ஒலி அடங்க ஆகும் வினாடிகள் கிடைக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் 34 கனமீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 63 சதுர மீட்டர். சிமென்ட் பூச்சும் டைல்ஸும் தம்மீது படும் ஒலியில் 3 சதவீதம் உறிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், காலி அறையில் ஒலி அடங்க ஏறக்குறைய 3 வினாடி ஆகும். இசை கேட்கும் அறைக்கு வேண்டியது 0.3 முதல் 0.5 வினாடி. கட்டில், மெத்தை, துணி அலமாரி உள்ள படுக்கையறையில் பாட்டு கூடத்தைவிடத் தெளிவாகக் கேட்பதற்கு இதுவே காரணம்.

அடுத்தது பேஸ். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி அலை போய்த் திரும்பும்போது சில அதிர்வெண்கள் மட்டும் தம்மைத் தாமே பெருக்கிக்கொள்கின்றன. நம் ஊர்ச் சூட்டில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. பத்தடிச் சுவர்களுக்கு இடையே அது 57 ஹெர்ட்ஸில் நிலைகொள்ளும். பன்னிரண்டடிக்கு 48 ஹெர்ட்ஸ். நம் அறைகளில் அகலமும் பத்தடி, கூரை உயரமும் பத்தடி என்று அமைவது சகஜம். அப்போது இரண்டு அலையும் 57லேயே வந்து குவியும். பேஸ் கிதாரின் மூன்றாவது கம்பி, ‘ஏ’, 55 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிதார் தனி மெட்டாகவே நடந்துபோகும். அந்த நடையில் ஒரு சுரம் மட்டும் வீங்கி ஊதி, அடுத்த சுரம் காணாமல் போனால், மெட்டே மாறிவிடுகிறது. பதிவில் கிதார் கலைஞர் சமமாக வாசித்திருப்பார். அறை அதைக் கலைத்துவிடுகிறது. எவ்வளவு விலையுள்ள டிஏசியும் இதைத் தொடக்கூட முடியாது.

காசில்லாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இந்த அலைகள் சுவரோரத்தில் உச்சத்திலும் அறையின் நட்டநடுவில் அடங்கியும் இருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் பேஸ் குமுறும். நடுவில் உட்கார்ந்தால் வற்றிவிடும். அறையின் நீளத்தில் ஏறக்குறைய 38 சதவீதத் தூரத்தில் உட்கார்ந்து தொடங்கி, அங்கிருந்து முன்பின் நகர்ந்து பார்ப்பது நல்ல முறை. இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும். ஷோகேஸுக்குள் பொம்மைகளுக்கு நடுவே செருகிய ஸ்பீக்கரும், லாஃப்ட் மேல் ஏற்றிய ஸ்பீக்கரும் எவ்வளவு நல்லதானாலும் வீண். மேல் ஒலிகளைத் தரும் டுவீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. கடையில் விற்கும் ஸ்டாண்டுகள் சோபாவில் உட்காரும் காதுக்காகச் செய்தவை. பாயில் உட்கார்ந்து கேட்பவருக்குக் காது ஓர் அடியாவது கீழே இருக்கும். அவர் குட்டை ஸ்டாண்ட் செய்துகொள்ளலாம்; அல்லது ஸ்பீக்கரைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்க்கலாம்.

பக்கச் சுவரில் ஒருவர் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக, உட்கார்ந்திருப்பவருக்கு அதில் ஸ்பீக்கர் தெரியும் இடமே முதல் எதிரொலி புறப்படும் இடம். அங்கே நாலு அங்குலக் கனத்தில் ராக்வூல் பலகையைத் துணி போர்த்தி மாட்டினால் குரல் உடனே தெளியும். கனமான திரையும், புத்தகம் நிறைந்த அலமாரியும், சுருட்டி மூலையில் நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தையும் தத்தம் அளவில் உதவும். தரையில் விரிக்கும் ஜமுக்காளம் மெல்லியது. மேல் ஒலிகளை மட்டும் கொஞ்சம் அடக்கும். முட்டை அட்டைகளை ஒட்டுவதால் பயனில்லை.

இதற்குப் பிறகுதான் கணினி தன் உண்மையான பெருமையைக் காட்டுகிறது. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும், அளவுத்திருத்தம் செய்த ஒரு யூஎஸ்பி மைக்கும் இருந்தால், தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை ஒரு சீழ்க்கையை ஓடவிட்டு அறையின் வரைபடத்தையே எடுத்துவிடலாம். 57 ஹெர்ட்ஸில் 10 டெசிபெல் மேடு தெரிந்தால், ஈக்வலைசர் ஏபிஓ போன்ற இலவச மென்பொருளில் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடலாம். மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்பக் கூடாது: எதிரெதிர் அலைகள் ஒன்றையொன்று அழிப்பதால் உண்டாகும் பள்ளத்தில் எவ்வளவு சக்தியைக் கொட்டினாலும் அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை; ஆம்ப்ளிஃபயர்தான் சூடாகும். இந்தத் திருத்தம் நம் அளவு அறைகளில் சுமார் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் ஸ்பீக்கரின் சொந்தக் குணமே ஆள்கிறது. மின்திருத்தத்தால் அதை மறைக்க முடியாது. பிட்டைத் தொடக் கூடாது என்று தவமிருப்பவர்கள் இதை ஏற்பதில்லை. அறையின் 10 டெசிபெல் பிழையைத் திருத்துவதற்காகப் பிட்டை மாற்றுவது நூறு மடங்கு மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பதற்குக் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் ஃபிளாய்ட் டூல் நடத்திய சோதனைகள் நல்ல வழிகாட்டி. திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்துக் கேட்கச் சொன்னபோது, நேர் திசையில் எல்லா ஒலியையும் சமமாகவும், பக்கவாட்டில் சீராகவும் தருபவற்றையே பெரும்பாலோர் விரும்பினார்கள். திரையை விலக்கியதும் அளவும் அழகும் பெயரும் மதிப்பெண்ணை மாற்றின. ஆகவே கையிலிருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கே போகட்டும். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அடங்கிய ஸ்டுடியோ மானிட்டர்கள் நம் அளவு அறைகளுக்குப் பொருத்தமானவை. கொடுத்த காசுக்கு அவற்றில் குறைவு வைப்பதில்லை. அறையைத் தொட முடியாதவர், வாடகை வீட்டிலோ விடுதியிலோ இருப்பவர், நல்ல ஹெட்போனுக்குப் போவதே அறிவு. அங்கே சுவரே இல்லை.

எந்தப் பதிப்பு?

மறுமுனைக்கு வருவோம். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் கூடுதல் கட்டணமின்றி இழப்பற்ற ஒலியைத் தந்தது. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில் அந்த வழிக்கு வந்தது. இடையே எம்க்யூஏ என்ற புதிய வடிவம் உயர்தரத்தின் எதிர்காலம் என்று சில ஆண்டுகள் கொண்டாடப்பட்டது. அதன் நிறுவனம் 2023இல் திவால் நடவடிக்கைக்குப் போனது, அதைத் தாங்கிப்பிடித்த டைடல் சேவையும் ஃபிளாக்குக்கே திரும்பியது. குழாயின் அகலம் இனிச் சிக்கலில்லை. அந்தக் குழாயில் என்ன வருகிறது என்பதே கேள்வி.

எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்பியில் ஒரு பதிப்பு, கேசட்டில் ஒன்று, பிறகு இரண்டு மூன்று படங்களை ஒன்றாகச் சேர்த்து வந்த சிடியில் ஒன்று, அதற்கும் பிறகு ‘ரீமாஸ்டர்’ என்ற பெயரில் ஒன்று. மூல நாடாவிலிருந்து எடுத்தது, இசைத்தட்டிலிருந்து எடுத்தது, இரைச்சல் நீக்கியால் துடைத்துத் துடைத்து வயலினின் மேல் ஒலியையும் சேர்த்துத் துடைத்தது என்று இவற்றில் எதுவும் இருக்கலாம். வேகம் பிசகிய டேப்பிலிருந்து எடுத்தால் சுருதியே மாறிவிடும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டையில் அச்சிடுவதால் இவற்றில் எதுவும் சரியாகிவிடாது. பின்னாளைய ரீமாஸ்டர்கள் பலவற்றில் எல்லாமே ஒரே உரப்பில் அழுத்தப்பட்டிருக்கும். மெட்டாலிக்காவின் 2008 தொகுப்பு டெத் மேக்னெட்டிக் வந்தபோது ரசிகர்களே எதிர்த்துக் குரல் எழுப்பியது இந்த அழுத்தத்துக்காகத்தான். உரக்க ஒலிக்கும் பதிப்பு முதல் கேட்பில் நன்றாகத் தோன்றும். 2001இல் டேவிட் ராபின்சன் முன்வைத்த ரீப்ளேகெயின் முறையில் இரண்டு பதிப்பையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்து கேட்டால், தபேலாவின் தட்டு எதில் உயிரோடு இருக்கிறது என்பது விளங்கும்.

இலவசத் தளங்களில் ‘320’ என்று போட்டிருக்கும் எம்பி3களில் பல, 128 கிலோபிட்டிலிருந்து மறுபடி ஊதிப் பெருக்கியவை. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் 16,000 ஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல நின்றிருக்கும்.

ஆகவே வீட்டில் இருக்கும் சிடிகளைக் கணினிக்குள் ஒழுங்காக ஏற்றிவைப்பதை அவசர வேலையாகக் கருதுகிறேன். ஒலி சிடியில், தரவு சிடியில் இருக்கும் கூடுதல் பிழைதிருத்த அடுக்கு கிடையாது. கீறல் விழுந்த இடத்தில் டிரைவ் ஊகித்து நிரப்பிவிடும், நமக்குத் தெரியவும் தெரியாது. 1998இல் ஜெர்மனியின் ஆந்த்ரே வீத்தாஃப் எழுதிய எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, அதே வட்டை உலகின் வேறு மூலைகளில் படித்தவர்களின் முடிவோடு அக்யூரேட்ரிப் என்ற தரவுத்தொகுப்பு வழியாக ஒப்பிட்டுச் சொல்கிறது. ஒரு வட்டு ஃபிளாக்கில் சுமார் 350 மெகாபைட். ஒரு டெராபைட்டில் இரண்டாயிரத்தைநூறுக்கு மேல் அடங்கும். இரண்டு தனித்தனி வட்டுகளில் பிரதி வைத்து, ஒன்றை வேறு வீட்டில் வைப்பது உத்தமம்.

கர்நாடக இசைத் தொகுப்புக்கு இரண்டு கூடுதல் கவனம் வேண்டும். ராகம், தானம், பல்லவியைச் சிடியில் மூன்று தடங்களாக வெட்டியிருப்பார்கள். தம்புரா மட்டும் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். எம்பி3 ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் வெற்றிடம் சேர்ப்பதால், தடம் மாறும்போது அந்தச் சுருதி ஒரு கணம் அறுந்து ஒட்டும். ஃபிளாக்கில் அது நேராது. இரண்டாவது, பெயரிடுதல். கலைஞர், தொகுப்பு, ஆண்டு என்று மேலைநாட்டு வழக்கில் அமைந்த கட்டங்களுக்குள் நம் இசை அடங்காது. ஃபிளாக்கில் நமக்கு வேண்டிய பெயரில் கட்டங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளே தமிழ் எழுத்திலேயே நிரப்பலாம். ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம் என்று கட்டங்கள் போட்டு, ஃபூபாரில் ராகவாரியாக அடுக்கினால், ஒரே தோடியை ஐந்து பேர் எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்கலாம். திரைப்பாட்டுக்கு இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர், படம். இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுவதால் நூலகத்தில் அவர் நாலைந்து பேராகச் சிதறிக் கிடப்பார். தமிழில் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதிவிட்டால் ஒருவராகிவிடுவார்.

அக்யூரேட்ரிப் தொகுப்பில் இல்லாத வட்டு கிடைத்தால், இரண்டு முறை படித்து, சரிபார்ப்பு எண் இரண்டு முறையும் ஒன்றாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட வட்டைப் படித்த முதல் ஆள் நாமாகவே இருக்கலாம் என்பதால், உறையையும் உள்தாளையும் ஸ்கேன் செய்து அதே கோப்புறையில் போட்டுவைப்பது நல்லது. மிருதங்கம் யார், கடம் யார், எந்தக் கூடத்தில் யார் பதிவு செய்தார் என்ற விவரம் பல வட்டுகளுக்கு அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.